‘மெமரி ஃபுல்’ என்று வந்தால்? சீக்வென்சர் வைத்திருப்போரின் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. கணினி இல்லாமல், வாசிப்பைப் பதிந்து திரும்ப ஓட்டும் சீக்வென்சர் என்ற தனிக் கருவியில் பாட்டுக் கட்டும்போது, வேலை பாதியில் இருக்கையிலேயே ‘மெமரி ஃபுல்’ என்று திரை சொல்லிவிடுகிறது. அதனால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எதையும் அழிப்பதற்கு முன் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: நிறைந்திருப்பது எந்த மெமரி? நோட்டுகள் பதிவாகும் இடம், சாம்பிள் (பதிந்த ஒலித் துண்டு) ஏறும் ரேம், கோப்புகளை வைக்கும் கார்டு அல்லது டிரைவ், பேட்டர்ன்களுக்கும் (திரும்பத் திரும்ப ஓடும் சிறு பகுதிகள்) சாம்பிள்களுக்குமான எண்ணிட்ட இடங்கள் என நான்கும் வெவ்வேறு. ஒன்று நிறைந்திருக்கும்போது மற்றொன்றைக் காலி செய்தால் பயன் இல்லை.

வாசகர், திண்டுக்கல்: யமஹா கியூஒய்70 வைத்திருக்கிறேன். 32,000 நோட் கொள்ளும் என்று கையேடு சொல்கிறது. மூன்று பாட்டுதான் பதிந்தேன், இடம் தீர்ந்துவிட்டது. ஒரு பாட்டுக்கு 5,000 நோட்டுக்கு மேல் இருக்காது. கருவியில் பழுதா?

பழுது இல்லை. 32,000 என்பது நோட்டுகளை மட்டும் பதிந்தால் வரும் கணக்கு. கீபோர்டிலிருந்து வரும் எல்லாமே அதே இடத்தில்தான் உட்காருகிறது. அழுத்த உணர்வுள்ள கீபோர்டில் கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்போது ஆஃப்டர்டச் (அழுத்தத்தின் அளவைச் சொல்லும்) செய்திகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். சுருதியை வளைக்கும் பெண்டர், மாடுலேஷன் சக்கரம், வால்யூம் பெடல் இவையும் அப்படித்தான்.

கருவிகளுக்கு இடையே இந்தச் செய்திகளைக் கடத்தும் மிடி கம்பியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள பிட்டுகளைச் சேர்த்து 10 பிட் ஆகிறது. ஆக விநாடிக்கு 3,125 பைட். மூன்று பைட் செய்தி ஒன்று போக ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி போதும். அதாவது ஒரே விநாடியில் நூற்றுக்கணக்கான பெண்டர் செய்திகள் வந்து இறங்க வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரக் குறிப்பையும் சேர்த்தே சீக்வென்சர் பதிவதால், கண்ணுக்குத் தெரியாத இந்தச் செய்தி ஒரு நோட்டுக்கு நெருக்கமான இடத்தைப் பிடித்துவிடும். நான்கு நிமிடப் பாட்டில் இரண்டு நிமிடம் ஸ்ட்ரிங்ஸ் கட்டைகளை அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள், விநாடிக்கு 50 ஆஃப்டர்டச் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு ட்ராக்கிலேயே 6,000 செய்திகள். நீங்கள் வாசித்த நோட்டுகளைவிட அதிகம்.

சரிசெய்யும் முறை இது. முதலில் எல்லாவற்றையும் பல்க் டம்ப் (உள்ளிருப்பதை மொத்தமாக மிடியில் அனுப்புதல்) வழியாகக் கணினிக்கு அனுப்பிச் சேமித்துக்கொள்ளுங்கள். கியூஒய்70-இல் டிஸ்க் கிடையாது. பிறகு ஒவ்வொரு ட்ராக்காக நிகழ்வுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நோட்டுகளுக்கு இடையே ஆஃப்டர்டச் வரிசை வரிசையாக நின்றால் அதுதான் காரணம். ஜாப் (திருத்த வேலைகள்) பட்டியலில் ‘எக்ஸ்ட்ராக்ட் ஈவன்ட்’ என்பதைத் தேர்ந்து, ஆஃப்டர்டச்சை மட்டும் குறிப்பிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். டிரம், பேஸ், பியானோ ட்ராக்குகளில் அது பெரும்பாலும் ஒலியை மாற்றுவதே இல்லை. எடுத்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்ட்ரிங்ஸ், லீட் ட்ராக்குகளில் மட்டும் எடுத்த பிறகு ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

பெண்டர் விஷயத்தில் கவனம் தேவை. அதை முழுதாக எடுத்தால் கமகம் போய்விடும். ‘தின் அவுட்’ என்ற ஜாப் செய்திகளை நெருக்கம் குறைத்துத் தரும். எவ்வளவு குறைக்கலாம் என்பது பெண்ட் அளவைப் பொறுத்தது. பல கீபோர்டுகள் சக்கரத்தின் முழு வீச்சையும் 128 படியாகத்தான் அனுப்புகின்றன. பெண்ட் அளவு மேலும் கீழும் 2 செமிடோன் என்றால் ஒரு படிக்கு 3 சென்ட் (ஒரு செமிடோனுக்கு 100 சென்ட்). பாதியாகக் குறைத்தால் 6 சென்ட், காது அதைப் பொறுத்துக்கொள்ளும். அளவு 12 செமிடோன் என்று வைத்திருந்தால் ஒரு படிக்கே 19 சென்ட். பாதியாக்கினால் 38 சென்ட். அப்போது இழைய வேண்டிய இடத்தில் சுரம் படிப்படியாகத் தாவுவது நன்றாகவே கேட்கும். அதனால் கமகத்துக்குப் பெண்டரை நம்பும் ட்ராக்கில் அளவை 2-இலேயே வைத்து வாசியுங்கள். இடமும் மிச்சம், சுரமும் சுத்தம்.

ஜாப் செய்ய முயலும்போதே ‘மெமரி ஃபுல்’ வந்தால் பயப்பட வேண்டாம். அன்டூ செய்வதற்காகக் கருவி பழைய நிலையின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. அதற்கு இடம் இல்லை. டம்ப் எடுத்த பாட்டுகளில் ஒன்றை அழித்துவிட்டு மற்றவற்றைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இனிப் பதியும்போது கீபோர்டிலேயே ஆஃப்டர்டச் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள்.

அதே வாசகர்: பாட்டு முழுவதையும் ஒரே நீளமாகப் பதிவது நல்லதா, பேட்டர்னாகப் பிரிப்பதா?

தாளத்துக்குப் பேட்டர்ன், மெட்டுக்கு நீளப் பதிவு. 90 பி.பி.எம். (நிமிடத்துக்கு 90 அடி) வேகத்தில் நான்கு நிமிடம் என்பது 360 அடி, அதாவது 90 பார். ஹைஹாட் பதினாறில் ஒன்றாக ஓடினால் நீளப் பதிவில் 1,440 நோட். ஒரு பார் பேட்டர்னில் 16 நோட். இப்படித் தாளத்துக்கு நாலைந்து பேட்டர்ன்கள் இருந்தால் போதும்: சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு ஒன்று, சின்ன மாற்றத்தோடு ஒன்று, ஃபில் ஒன்று, முடிவு ஒன்று. மெட்டையும் எதிர்மெட்டையும் பேட்டர்னில் அடைத்தால் உயிர் குறைந்துவிடும், அவற்றுக்கு இடத்தைச் செலவழியுங்கள்.

ஒரு பேட்டர்னைத் திருத்தினால் அது வரும் எல்லா இடங்களிலும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஓர் இடத்தில் மட்டும் மாற்ற வேண்டுமென்றால் நகல் எடுத்த பிறகு திருத்துங்கள். பேட்டர்ன்களை ட்ராக்கில் விரித்துப் போடும் ஜாப் பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. அதைச் செய்த கணமே மிச்சம் பிடித்த இடம் எல்லாம் போய்விடும். கடைசிக் கட்டத்தில் தவிர அதைத் தொடாதீர்கள்.

வாசகர், மதுரை: மெல்லிசைக் குழுவில் அகாய் எம்.பி.சி. 2000எக்ஸ்எல் பயன்படுத்துகிறோம். மிருதங்கம், தபலா, தவில், தம்பூரா எல்லாம் சாம்பிளாக வைத்திருக்கிறோம். 32 எம்.பி. ரேம் போட்டும் போதவில்லை. ஒரு நிகழ்ச்சிக்குள் இரண்டு முறை ஃபிளாப்பி மாற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் 32 எம்.பி. உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கருவி ஆலையிலிருந்து வரும்போது 2 எம்.பி.தான், 72 பின் சிம் என்ற மெமரி அட்டைகளை 16 எம்.பி. வீதம் இரண்டு போட்டால்தான் 32. அட்டை சரியாக உட்காராமலோ பொருந்தாமலோ இருந்தால் கருவி குறைவாகக் காட்டும்.

கணக்கு எளிது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ ஒலி விநாடிக்கு 88.2 கே.பி. எடுக்கும். ஸ்டீரியோ என்றால் 176.4 கே.பி. ஆக 32 எம்.பி.யில் மோனோவுக்கு ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஸ்டீரியோவுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். உங்கள் தோல் வாத்தியங்கள் ஸ்டீரியோவில் இருந்தால் முதல் வேலை அவற்றை மோனோ ஆக்குவதுதான். மேடையில் இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலிதான் போகிறது என்றால் ஸ்டீரியோவால் இழப்பு மட்டுமே.

அடுத்தது லூப். 80 பி.பி.எம். வேகத்தில் நான்கு பார் மிருதங்க லூப் 12 விநாடி; ஸ்டீரியோவில் 2.1 எம்.பி. அதற்குப் பதில் தனித்தனிச் சொற்களாகப் பதியுங்கள்: தொம், நம், தின், சாப்பு, த, கி, தீம், அரைச்சாப்பு என எட்டு. மெதுவாக ஒன்று, பலமாக ஒன்று என்று இரண்டு அடுக்கு வைத்தால் 16 சாம்பிள். ‘த’, ‘கி’ கால் விநாடிகூட இருக்காது, ‘தொம்’ ஒரு விநாடிக்கு மேல் போகும், சராசரி 0.7 விநாடி என்றால் மொத்தம் 11.2 விநாடி, மோனோவில் ஒரு எம்.பி.க்குள் முடிந்துவிடும். ஒரு லூப் இருந்த இடத்தில் முழு வாத்தியமே இரண்டு முறை அடங்குகிறது, எந்த வேகத்திலும் வாசிக்கலாம்.

ஆனால் லூப்பில் ஒரு வித்வானின் கை இருக்கிறது. சொற்களுக்கு இடையே விரல் நழுவும் விதம், தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) குமுக்கி என்ற உள்ளங்கை அழுத்தம் இதெல்லாம் தனிச் சாம்பிள்களில் வராது. மிருதங்கம் தனித்துக் கேட்கும் இடத்துக்கு ஒன்றிரண்டு லூப்பை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்குப் பின்னணியாக ஓடும் இடங்களுக்குத் தனிச் சொற்கள் போதும்.

சுருதிக்கு ஒரு செட் என்று வைத்திருந்தால் அதையும் விடுங்கள். வலந்தலையின் நம், தின், சாப்பு மூன்றும்தான் சுருதியோடு சேர வேண்டியவை. ஒரே சாம்பிளை வேறு பேட்களில் (விரலால் தட்டும் பொத்தான்களில்) போட்டு, பேடின் டியூன் அளவை மாற்றினால் ரேம் செலவு ஒரு பைட்கூட அதிகரிக்காது. மேலும் கீழும் மூன்று செமிடோன் வரை இயல்பாக இருக்கும். அதற்கு மேல் போனால் வாத்தியத்தின் அளவே மாறியது போல் ஒலிக்கும். ஆகவே நடுச் சுருதியில் ஒரு செட், தேவைப்பட்டால் ஐந்து செமிடோன் மேலே இன்னொன்று என்று இரண்டோடு நிறுத்திவிடலாம்.

தம்பூராவைக் குறுக்க வேண்டாம். நான்கு தந்தியும் ஒரு சுற்று முழுதாக வர வேண்டும். ப மீட்டுவதற்குச் சற்று முன்னால் தொடங்கி, அடுத்த சுற்றில் அதே இடம் வரை எடுங்கள். ஆறு விநாடிச் சுற்று என்றால் மோனோவில் 530 கே.பி. ஆகும், அந்தச் செலவு தகும். அரைச் சுற்றை எடுத்து லூப் போட்டால் மனம் உடனே அந்தத் திரும்புதலைக் கண்டுபிடித்துவிடும். சாம்பிள் விகிதத்தையும் குறைக்காதீர்கள், ஜீவாளியின் (தந்திக்கு அடியில் செருகும் நூல் தரும் ரீங்காரத்தின்) அழகெல்லாம் மேல் அதிர்வெண்களில்தான் இருக்கிறது.

பலரும் தவறும் இடம் டிரிம். தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் நகர்த்தினால் ஒலி குறுகும், ரேம் குறையாது. வெளியே விட்ட பகுதி உள்ளேதான் கிடக்கிறது. டிரிம் திரையில் எடிட்டுக்குப் போய் ‘டிஸ்கார்ட்’ கொடுத்தால்தான் அது போகும். திரும்ப வராது என்பதால் முதலில் அசலைச் சேமித்துவிடுங்கள். புரோகிராம் பகுதியில் ‘பர்ஜ்’ என்று ஒரு திரை இருக்கிறது. எந்தப் பேடிலும் இல்லாமல் கிடக்கும் சாம்பிள்கள் எத்தனை என்று காட்டி, கேட்டுவிட்டு அழிக்கும். பழைய நிகழ்ச்சிகளின் மிச்சங்கள் நிறைய அங்கே இருக்கும்.

ஃபிளாப்பி ஒன்றில் 1.44 எம்.பி., அதாவது மோனோ ஒலியில் 16 விநாடிதான். ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக யு.எஸ்.பி. எமுலேட்டர் பொருத்திக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஃபிளாப்பிகளை ஒரே பென்டிரைவில் வைக்கலாம். வேகம் அதிகரிக்காது, எண்ணைத் திருப்பித் தேடும் வேலையும் இருக்கும், ஆனால் மேடையில் டிஸ்க் பழுதாகும் பயம் போய்விடும். மின்சாரம் நின்றால் ரேமில் உள்ள சாம்பிளும் சீக்வென்ஸும் சேர்ந்தே போய்விடும் என்பதால், சோதனை முடிந்து மேடை ஏறும் முன் ஒருமுறை சேமித்துவிடுங்கள்.

வாசகர், கோயம்புத்தூர்: எலெக்ட்ரான் டிஜிடாக்ட்டின் முதல் மாடல். டிரைவில் 1 ஜி.பி. இருக்கும்போது புராஜெக்ட்டுக்கு 64 எம்.பி.தான் தருகிறது. ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஒரே புராஜெக்ட்டில் அடக்க முடியுமா?

முடியும். 1 ஜி.பி. என்பது கிடங்கு, 64 எம்.பி. என்பது அந்த நேரத்தில் வாசிக்கும் ரேம். அங்கே ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. விநாடிக்கு 96 கே.பி. கணக்கிட்டால் பதினொன்றரை நிமிடத்துக்கு மேல் வருகிறது. இதுபோக ஒரு புராஜெக்ட்டில் 127 சாம்பிள் இடங்கள்தான் உண்டு. சின்னச் சின்ன டிரம் ஒலிகளாக வைப்பவர்களுக்கு ரேம் பாதி காலியாக இருக்கும்போதே இந்த 127 தீர்ந்துவிடும். நீளமான ஒலிகளை வைப்பவர்களுக்கு முதலில் ரேம் தீரும். இரண்டுக்கும் மருந்து வேறு.

ரேம் தீர்கிறது என்றால் வேகத்தைக் கூட்டிப் பதியும் பழைய வித்தை இருக்கிறது. 1987-இல் வந்த ஈ-மு எஸ்.பி.-1200 என்ற சாம்பிளரில் மொத்தமே 10 விநாடி. ஒரு சாம்பிள் 2.5 விநாடியைத் தாண்டக் கூடாது. ஒலியும் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ்தான். அதில் வேலை செய்த ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் 33⅓ வேகத்து இசைத்தட்டை 45-இல் ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். நேரம் நாலில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமானது. அப்படி இறக்கும்போது மேல் அதிர்வெண்கள் மங்கி, ஒலியில் ஒரு கரகரப்பு ஏறியது. பின்னாளில் அந்தக் கரகரப்பையே பலர் விரும்பித் தேடினார்கள்.

இன்று இதைக் கணினியில் செய்யலாம். ஆடாசிட்டியில் ஒலியைத் திறந்து, வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் எஃபெக்ட்டில் பெருக்கல் எண்ணை 2 என்று கொடுங்கள். நீளம் பாதியாகும், சுருதி ஓர் ஆக்டேவ் ஏறும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மோனோவாக ஏற்றுமதி செய்து டிஜிடாக்ட்டில் டியூனை -12 வையுங்கள். ரேமில் பாதி இடம்தான் பிடிக்கும். டெம்போவை மட்டும் மாற்றும் எஃபெக்ட் இதற்கு உதவாது. அது சுருதியை அப்படியே விட்டுவிடுவதால் -12 வைத்ததும் ஒலி ஓர் ஆக்டேவ் கீழே விழும்.

விலை என்னவென்றால், 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. பேஸ், கிக், நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் பேட் ஒலிகள், ஆண் குரல் இதைத் தாங்கும். சிம்பல், ஷேக்கர், சலங்கை, ஜால்ரா தாங்காது, அவற்றை அசல் வேகத்திலேயே விடுங்கள். டியூன் -24 வரை இறங்கும் என்பதால் நான்கு மடங்கு வேகமும் செய்யலாம். அப்போது 6 கிலோஹெர்ட்ஸோடு சரி. ஆழமான பேஸுக்குத் தவிர வேறெதற்கும் நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

127 இடங்கள் தீர்கின்றன என்றால் பல ஒலிகளை ஒரே கோப்பில் வரிசையாக ஒட்டுங்கள். டிஜிடாக்ட்டில் தொடக்கமும் நீளமும் 0 முதல் 120 வரை எண்ணாக வரும். சம நீளமுள்ள 12 துண்டுகளை ஒட்டினால் ஒவ்வொன்றும் 10 அலகு. நீளத்தை 10-இல் நிறுத்தி, தொடக்கத்தை 0, 10, 20 என்று படிக்குப் படி தனித்தனியாகப் பூட்டினால் (பாராமீட்டர் லாக்) ஒரே இடத்திலிருந்து 12 ஒலிகள் வரும். துண்டுகளின் நீளம் நூலளவு மாறினாலும் அடுத்த ஒலியின் முனை ‘டிக்’கென்று எட்டிப் பார்க்கும். அதனால் மிக நீளமான ஒலியின் அளவுக்கே எல்லாவற்றையும் நீட்டி, கடைசி சில மில்லி விநாடியை ஃபேட் செய்யுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீட்டுவதற்காகச் சேர்க்கும் மௌனமும் ரேமில் இடம் எடுக்கும். குட்டி ஒலிகளைத் தனியாகவும் நீண்ட ஒலிகளைத் தனியாகவும் சேர்த்து இரண்டு மூன்று கோப்பாக வைத்தால் வீணாவது குறையும்.

வாசகர், யாழ்ப்பாணம்: ஆக்டாட்ராக்கில் நான்கு நீளமான பின்னணி ட்ராக்குகளை ஏற்றியதும் ரேம் போய்விட்டது. கார்டில் நிறைய இடம் இருக்கிறதே?

அவற்றை ஃப்ளெக்ஸில் ஏற்றியிருக்கிறீர்கள். ஃப்ளெக்ஸ் மெஷின் ரேமிலிருந்து வாசிக்கும், ஸ்டாட்டிக் மெஷின் கார்டிலிருந்தே நேராக வாசிக்கும். ரேம் 85.5 எம்.பி.; 16 பிட் ஸ்டீரியோவில் எட்டரை நிமிடம். பின்னணி ட்ராக்குகளை ஸ்டாட்டிக் பட்டியலுக்கு மாற்றினால் பிரச்சினை அப்போதே தீரும். துண்டு துண்டாக வெட்டித் தாவித் தாவி வாசிக்கும் ஒலிகளையும், மேடையிலேயே பதிந்து வாசிப்பவற்றையும் ஃப்ளெக்ஸில் வையுங்கள்.

இன்னொரு கசிவு ரெக்கார்டர்களில். எட்டு ட்ராக்குக்கும் எட்டு ரெக்கார்டர் உண்டு. அவற்றுக்கு ஒதுக்கிய நீளம், நீங்கள் ஒரு விநாடிகூடப் பதியாவிட்டாலும் அதே ரேமிலிருந்துதான் கழியும். தலா 16 விநாடி என்றால் 16 பிட்டில் 22.6 எம்.பி., 24 பிட்டில் 34 எம்.பி. அருகே. புராஜெக்ட் மெனுவில் கன்ட்ரோல், அதில் மெமரி என்று போய், பயன்படுத்தாத ரெக்கார்டர்களின் ஒதுக்கீட்டை எடுத்துவிடுங்கள். அதே திரையில் 24 பிட் ஏற்றத்தையும் பதிவையும் நிறுத்திவிட்டால் 24 பிட் கோப்புகள் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் அடங்கும். மேடை ஒலியில் அந்த வித்தியாசத்தைக் கேட்பவர் அரிது.

கோப்புகள் எல்லாம் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். வீடியோ வேலையிலிருந்து எடுத்த 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பை ஏற்றினால் அது மெதுவாகி, சுமார் ஒன்றரை செமிடோன் கீழே ஒலிக்கும். சுருதி சேரவில்லையே என்று தேடுபவர்களுக்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

வாசகர், தஞ்சாவூர்: 64 படி மட்டுமே உள்ள சீக்வென்சரில் ஆதி தாளத்தைக் கண்ட நடையிலும் மிஸ்ர நடையிலும் போட வழி உண்டா?

உண்டு. அடிக்கு நான்கு படி என்று கருவி நினைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அடிக்கு எத்தனை படி வேண்டுமோ அதை முடிவு செய்து, வேகத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். தாளத்தின் வேகத்தை நடையின் எண்ணால் (சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9) பெருக்கி நான்கால் வகுத்தால் கருவிக்குக் கொடுக்க வேண்டிய பி.பி.எம். வரும். தாளம் 80 என்று வைத்துக்கொள்வோம். சதுஸ்ர நடையில் எட்டு அடிக்கு 32 படி, வேகம் 80. 64 படியில் இரண்டு ஆவர்த்தனம் அடங்கும். திஸ்ரத்தை மேல் காலத்தில் ஆறாக எடுத்தால் 48 படி, 120. கண்டம் 40 படி, 100. மிஸ்ரம் 56 படி, 140. சங்கீர்ணத்தில்தான் 72 படி ஆகி எல்லை மீறுகிறது. 36 படி வீதம் இரண்டு பேட்டர்னாக வெட்டி அடுத்தடுத்து ஓட விடுங்கள், வேகம் 180. நான்கு நான்கு அடியாக வெட்டுவதால் முதல் பேட்டர்ன் லகுவோடு முடியும், இரண்டாவது திருதங்களோடு தொடங்கும், கணக்கு குழம்பாது.

ஸ்விங்கை 50-இல் வையுங்கள், இல்லையென்றால் ஒற்றைப்படை நடைகளில் அடி ஒன்று விட்டு ஒன்று நகரும். டிலேயை ‘கால் நோட்’ என்று வைத்தால் அது நான்கு படிக்கு ஒருமுறை திரும்பும், உங்கள் அடிக்கு அல்ல. கண்டத்தில் அடியோடு சேர வேண்டுமென்றால் ஐந்து படிக்கான நேரத்தைக் காதால் சரிபார்த்து வையுங்கள். இந்தக் கருவியிலிருந்து மிடி கிளாக் (வேகத்தைச் சொல்லும் துடிப்பு) வாங்கும் மற்ற கருவிகளுக்கும் 80 போகாது, மாற்றிய வேகம்தான் போகும்.

வாசகர், சேலம்: கோர்க் வோல்கா சாம்பிளில் சொந்த ஒலிகளை ஏற்ற இடமே இல்லை என்கிறது.

முதல் மாடலில் 4 எம்.பி., அதாவது 31.25 கிலோஹெர்ட்ஸில் 65 விநாடி, 100 இடங்கள். ஆலையில் ஏற்றிய ஒலிகளே அதை ஆக்கிரமித்திருக்கும். தேவையற்றவற்றை அழித்தால்தான் உங்களுடையதுக்கு இடம் வரும். நூறையும் நிரப்ப ஆசைப்பட்டால் ஒன்றுக்கு 0.65 விநாடிதான் என்பதை மனத்தில் வைத்து, ஏற்றும் முன்பே வாலை வெட்டிவிடுங்கள். செல்பேசியின் ஹெட்ஃபோன் வழியாக அனுப்பும்போது ஒலியளவை முழுதாக வையுங்கள், ஈக்வலைசரை அணையுங்கள், விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுவில் ஓர் அறிவிப்பு மணி அடித்தால்கூட அனுப்புதல் கெட்டுவிடும். 2020-இல் வந்த இரண்டாம் மாடலில் 8 எம்.பி., 130 விநாடி, 200 இடங்கள், யு.எஸ்.பி.யும் உண்டு. சாம்பிள் ஏற்றுவதே உங்கள் முக்கிய வேலை என்றால் மாறிவிடுவது நல்லது.

வாசகர், திருச்சி: முதன்முதலில் வந்த சீக்வென்சர்களில் எவ்வளவு மெமரி இருந்தது?

1977-இல் வந்த ரோலண்ட் எம்.சி.-8-இல் 16 கே.பி. இருந்தது, சுமார் 5,200 நோட்டுகள். நோட்டுகளைப் பெரும்பாலும் எண்ணாகத் தட்டித்தான் ஏற்றினார்கள். 1988-இல் வந்த அகாய் எம்.பி.சி.60-இல் சாம்பிளுக்குக் கிடைத்தது 13.1 விநாடி, கூடுதல் அட்டை போட்டால் அதன் இரு மடங்கு.

வாசகர், புதுச்சேரி: பழைய சீக்வென்சர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஒவ்வொரு முறை அணைத்தாலும் பாட்டெல்லாம் மறந்துவிடுகிறது.

பேட்டரி முடிந்திருக்கும். அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் பதிவைக் காப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் காசு பேட்டரிதான். மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். புதிது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.7-க்குக் கீழே என்றால் மாற்றியாக வேண்டும். இப்போது கருவிக்குள் இருப்பது வேண்டுமென்றால் அணைப்பதற்கு முன் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் டம்ப் (மேலே சொன்ன பல்க் டம்ப் போன்றது) எடுத்துவிடுங்கள், பேட்டரியைக் கழற்றும்போது மிச்சமும் போய்விடும். பேட்டரி போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தால், கழற்றிய இடத்தில் ஒரு ஹோல்டரைப் பற்றவைத்து அதில் புதியதைச் செருகச் சொல்லுங்கள். காசு பேட்டரியின் மேலேயே நேராகப் பற்றவைக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கலாம். மாற்றிய பின் முதல்முறை திரையில் குப்பை எழுத்துகள் வந்தால், கையேட்டில் உள்ளபடி ஆலை நிலைக்கு ரீசெட் செய்துவிட்டு டம்ப்பைத் திரும்ப ஏற்றுங்கள்.